பஞ்சர் குறித்துச் சில விசாரங்கள்

சைக்கிள் பயணத்தைப் பற்றி எழுதியவர்களிடம் ஒரு பொது அம்சத்தைப் பார்க்கலாம். பயணம் ஒழுங்காக நடந்துவிட்டால் அவர்களுக்கு எழுத விஷயம் இருப்பதில்லை. செயின் கழல வேண்டும். மழை பிடித்துக்கொள்ள வேண்டும். வழி சொன்னவர் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். நாய் துரத்த வேண்டும். இவை எதுவும் நேராமல் ஐம்பது மைல் போய் வந்தவன் ஊர் திரும்பியதும் வாய் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். சிறு கெடுதல்கள்தாம் இந்த வகை எழுத்தின் மூலதனம். வாசகனும் அவற்றைச் சிரித்துக்கொண்டே படிக்கிறான். எழுதியவன் விழுந்த இடத்தில் வாசகனுக்கு வலிப்பதில்லை. எழுதும் நேரத்தில் எழுதியவனுக்கும் வலித்திருக்காது.

கெடுதல் எந்தக் கட்டத்தில் வேடிக்கையாகிறது என்பது என் கேள்வி. அப்படி மாற்றுவது மனமா, பணமா, காலமா? நகைச்சுவையைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பெரும்பாலும் அழகியல் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். இது அறவியல் கேள்வி என்பது என் கட்சி. அதை நிறுவ என் கையில் இருக்கும் ஆதாரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பஞ்சர் கடையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தது மட்டுமே.

*

அது ஒரு இரண்டாம் சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் சாகசங்கள் அந்தச் சனி ஞாயிறுக்குள் அடங்கியாக வேண்டும். நாங்கள் மூன்று பேர். நான், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருகிற நண்பர், அச்சகத்தில் பிழை திருத்துகிற நண்பர். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பி ஸ்ரீபெரும்புதூர். பிறகு சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம். ராத்திரி காஞ்சியில் தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். மூன்று சைக்கிள்களில் ஒன்றுக்குத்தான் கியர் உண்டு. மற்ற இரண்டும் அப்பாக்கள் காலத்து உருப்படிகள்.

உல்லாசத்துக்காக யாரும் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இடங்களில் இப்போது சிப்காட் பேட்டைகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியபோதே இந்தப் பிரதேசத்தின் ஜாதகம் மாறிவிட்டது. நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் ரெனோ-நிஸானின் கார், டெய்ம்லரின் லாரி, ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள், அப்பல்லோவின் டயர். உருளக்கூடிய எல்லாவற்றையும் செய்கிற ஊரில் சைக்கிள் உருளுவதற்கு மட்டும் ஓரம் கிடையாது. ராயல் என்ஃபீல்டின் ஆதி இங்கிலாந்துக் கம்பெனி சைக்கிள் செய்துகொண்டிருந்துவிட்டு 1901-ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது என்று தமிழாசிரிய நண்பர் பிரசங்கம் செய்துகொண்டு வந்தார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய செயின் கழன்றது. மாட்டிவிட்டு, கறுத்த கையோடு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். மிளகாய்ப் பொடி எது, கிரீஸ் எது என்ற சர்ச்சை கடைசி வரை தீரவில்லை.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே அணுகுசாலையில் சுற்றிச் சுற்றி ஒரே டீக்கடை வாசலுக்கு மூன்று முறை வந்து சேர்ந்தோம். மூன்றாம் முறை டீ மாஸ்டர் கேட்காமலேயே மூன்று கிளாஸ்களை எடுத்து வைத்தார். பிறகு நிழலுக்காக ஒரு தொழிற்சாலை வாசலில் ஒதுங்கினோம். காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இங்க ஆள் எடுக்கல. காண்ட்ராக்டரைப் போய்ப் பாருங்க" என்றார். பிழை திருத்தும் நண்பர் விடவில்லை. "என்ன வேலைங்க காலி இருக்கு?" என்றார். "உங்க வயசுக்கு ஹவுஸ்கீப்பிங்தான்" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அவரை நாங்கள் அந்தப் பதவிப் பெயராலேயே கூப்பிட்டோம்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி வல்லத்துக்கு வருவதற்குள் என் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. லாரியிலிருந்து சிந்திய கடைசல் இரும்புச் சுருள் ஒன்று குத்தியிருந்தது. அந்தச் சாலையில் பஞ்சர் கடைகளுக்குக் குறைவில்லை. எல்லாம் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும். ட்யூப்லெஸ் டயர் வந்த பிறகு துளையில் ரப்பர் திரியைச் செருகி இழுத்தால் வேலை முடிந்தது. சைக்கிள் டியூபைப் பிதுக்கி எடுத்து, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தை விரலால் பிடித்து, உரசி, சொல்யூஷன் தடவி, காய விட்டு, ஒட்டுப் போடுகிற பொறுமை இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது கடை வேப்பமரத்தடியில் இருந்தது. அறுபது வயது மதிக்கத் தக்க ஒரு பெரியவர் என் டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினார்.

அவர் உரசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். சீருடைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒடிசாக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு முன் சக்கரம். பெரியவர் என் டியூபை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய சக்கரத்தைக் கவிழ்த்தார். எங்கள் பக்கம் திரும்பி, "சார், நீங்க சுத்திப் பாக்க வந்தவங்க. இந்தத் தம்பி ரெண்டரை ஷிஃப்டுக்குப் போவணும். செத்த நிழல்ல உக்காருங்க" என்றார். அனுமதி கேட்கிற தொனி அதில் இல்லை. முடிவைத் தெரிவிக்கிற தொனிதான் இருந்தது. ஒட்டுக் காயும் வரையில் அந்த இளைஞர் பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும், நேற்று பின் சக்கரம், இன்று முன் சக்கரம், நாளைக்கு எனக்கே பஞ்சர் என்று சொன்னார். பெரியவர் சிரித்தார், அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கிளம்பிவிட்டார்.

*

ஒரே சாலை, ஒரே விதமான இரும்புச் சுருள், ஒரே பெரியவரின் ஒட்டு. என்னுடையது கதையாகிவிட்டது, இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடையது என்னவாயிற்று?

இந்த வித்தியாசத்துக்குத் தயாராக இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. முதலாவது மனத்தைச் சார்ந்தது. ரோமாபுரியில் அடிமையாக இருந்த எபிக்டெடஸ் முதல் நம் ஊர் வேதாந்திகள் வரை பலரும் சொல்லியிருப்பது இதுதான்: சம்பவம் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை, சம்பவத்தைப் பற்றி நாம் கொள்ளும் அபிப்பிராயமே தொந்தரவு செய்கிறது. பஞ்சர் வெறும் துளை. அதைத் துக்கமாகவோ வேடிக்கையாகவோ ஆக்குவது நான். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது இது ஞானம். அடுத்தவனிடம் சொல்லும்போது அதிகாரம். அடிமையாக இருந்தவர் சொன்னதற்கும் எஜமானன் சொல்வதற்கும் சொற்கள் ஒன்றாக இருக்கலாம், அர்த்தம் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது விளக்கம் பணத்தைச் சார்ந்தது. வசதி உள்ளவனுக்கு இடறல் வேடிக்கை, இல்லாதவனுக்கு நஷ்டம். சிரிப்பு ஒரு வர்க்க உரிமை. முற்போக்கு நண்பர்கள் இதோடு விசாரணையை முடித்துக்கொள்வார்கள். ஆனால் வேப்பமரத்தடியில் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தவர், சிரிக்க வைத்தவர், அந்த ஒடிசா இளைஞர்தான். உழைப்பாளிக்கு நகைச்சுவை இல்லை என்று சொல்வது அவனைப் பற்றிய அறியாமை. சிரிப்பு வசதியிலிருந்து பிறக்கிறது என்றால் நம் ஊர்களில் கல்யாண மண்டபங்கள்தாம் மிகவும் வேடிக்கையான இடங்களாக இருந்திருக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டு டீக்கடைகள் அல்ல.

இரண்டு விளக்கங்களும் சிரிப்பைக் கவனித்தன, தாமதத்தைக் கவனிக்கவில்லை. இடறல் என்பது கடைசியில் ஒரு தாமதம். பஞ்சரானால் முக்கால் மணி. வழி தவறினால் அரை மணி. செயின் கழன்றால் பத்து நிமிடம். அந்தத் தாமதத்தை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்களுக்காகக் காஞ்சிபுரத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லாட்ஜ்காரர் ஒன்பது மணிக்கு வந்தாலும் சாவி கொடுப்பார், பத்து மணிக்கு வந்தாலும் கொடுப்பார். எங்கள் தாமதத்தை ஊரே மன்னித்துவிட்டிருந்தது. அதனால் அதற்குக் கனம் இல்லை. அந்த இளைஞரின் தாமதத்தை மன்னிக்கக் கூடியவர் அந்தச் சாலையில் ஒருவர்தான் இருந்தார், அவரும் பஞ்சர் ஒட்டுகிறவர்.

*

தொழிற்சாலைக் காலம் எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஈ.பி. தாம்ஸன் என்ற ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வேலையைக் கொண்டு நேரத்தை அளந்த மனிதர்கள் நேரத்தைக் கொண்டு வேலையை அளக்கும்படி எவ்விதம் பழக்கப்படுத்தப்பட்டார்கள் என்று காட்டினார். மாடு கறக்கிற நேரம், நாற்று நடுகிற நேரம் என்பது போய், மணி அடித்த நேரம், கதவு சாத்திய நேரம் என்று ஆனது. இங்கிலாந்தில் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்ட இந்த மாற்றம் ஒரகடத்தில் ஒரே தலைமுறையில் நடந்து முடிந்தது. அப்பா ஏரித் தண்ணீர் திறக்கிற நாளைக் கேட்டு வைத்திருந்தார். மகன் கம்பெனி பஸ் திருப்பத்துக்கு வருகிற நிமிடத்தைத் தெரிந்து வைத்திருக்கிறான்.

1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்றது. நியாயமான விதி. ஆனால் தாமதத்துக்கு விலை வைக்கப் பிடித்தம்தான் ஒரே வழி என்று இல்லை. மாதம் முழுவதும் தவறாமல், நேரத்துக்கு வருகிறவனுக்கு வருகைப் படி என்று ஒன்று வைத்துவிட்டால் போதும். பிறகு யாரும் எதையும் பிடிக்க வேண்டாம். கொடுக்காமல் இருந்தால் முடிந்தது. அந்தத் தம்பி நேரம் தவறினால் போவது அரை மணிச் சம்பளமா என்று பெரியவரிடம் கேட்டேன். "அது போனாப் போவுது சார். மாசப் படியும் சேர்ந்தில்ல போவும்" என்றார். முப்பது நாள் ஒழுங்கை ஒரு இரும்புச் சுருள் அழித்துவிட முடியும். தண்டனை என்று பெயர் இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

இலக்கியத்தில் இதற்குச் சாட்சிகள் உண்டு. ஜெரோம் கே. ஜெரோம் 1900-ல் எழுதிய 'த்ரீ மென் ஆன் தி பம்மல்' ஜெர்மனியில் சைக்கிளில் சுற்றும் மூன்று நண்பர்களைப் பற்றியது. பம்மல் என்றால் என்ன என்று கடைசியில் ஒரு விளக்கம் வரும்: முடிவிடம் என்று எதுவும் இல்லாத பயணம், கிளம்பிய இடத்துக்குக் குறித்த நாளில் திரும்பியாக வேண்டும் என்பது மட்டுமே அதற்குக் கட்டுப்பாடு. அந்த ஒற்றைக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு கெடு இல்லாததால்தான் ஜெரோமின் மனிதர்கள் இஷ்டத்துக்கு விழுந்து எழ முடிகிறது. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1896-ல் ஹெச்.ஜி. வெல்ஸ் 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' எழுதினார். அதில் வருகிற ஹூப்டிரைவர் ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்துக்குப் பத்து நாள் லீவு. சைக்கிள் பழகி விழுந்ததால் அவன் கால்களில் ஏற்பட்ட காயங்களை வெல்ஸ் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். அவனுடைய இடறல்களும் வேடிக்கையானவைதாம். ஆனால் பத்து நாளும் எண்ணப்படுகின்றன. கடைசியில் அவன் கடைக்குத் திரும்புகிறான். ஜெரோமைப் படித்து முடித்தால் சிரிப்பு மிச்சம் இருக்கிறது. வெல்ஸைப் படித்து முடித்தால் தேதி மிச்சம் இருக்கிறது. ஹூப்டிரைவரை எனக்கு நெருக்கமாக உணர வைப்பது எங்கள் உத்தியோக ஒற்றுமை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இருக்கலாம்.

1948-ல் வெளிவந்த டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' இந்த வரிசையின் மறுகோடி. அடகு வைத்த சைக்கிளை மீட்க அந்தோனியோவின் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். அடகுக் கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்குகளில் ஏறுகிறான். கூரை வரைக்கும் மற்றவர்களுடைய விரிப்பு மூட்டைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அப்பனும் பிள்ளையும் ரோம் நகரத்தில் அலைகிற அலைச்சலில் மழை உண்டு, வழி தவறுதல் உண்டு, ஆள் மாறாட்டம் உண்டு. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் ஜெரோம் எழுதியிருக்கக் கூடிய சம்பவம். சம்பவங்களின் குணம் மாறிவிடவில்லை. அவர்களுடைய தாமதத்தை ஏற்றுக்கொள்ள அந்த நகரத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

*

இங்கே ஒரு போலி உண்டு. அடுத்தவனுடைய கனமான இடறலை, பார்வையாளன் தன் வசதிக்காக இலேசாக்கிவிடுவது. 2020 மே மாத ஊரடங்கின்போது ஒரு பதினைந்து வயதுப் பெண், காயம்பட்ட தகப்பனாரைப் பின்னால் உட்கார வைத்து, டில்லியை அடுத்த குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போனாள். வாடகை கொடுக்கப் பணம் இல்லை, ஊருக்குப் போக வண்டி இல்லை. பத்திரிகைகள் அதைச் சாதனை என்று எழுதின. இந்திய சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்கு அழைத்தது. அழைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பாராட்டு எதைச் செய்தது என்று பார்க்க வேண்டும். ஒரு ராஜ்ஜியமே செய்யத் தவறியதை ஒரு குழந்தையின் தசை பலமாக மாற்றிக் காட்டியது. அவள் சிரித்தாளா, அழுதாளா என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அதை விளையாட்டு என்று அறிவிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் நிற்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். மைதானத்தில் கம்பம் நட்டு, டியூப் லைட் கட்டி, ரெக்கார்டு போட்டு, இரவும் பகலுமாக நாள் கணக்கில் சுற்றுவார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். கால் தரையில் பட்டால் எல்லாம் முடிந்தது. அதுவும் ஒரு சைக்கிள் பயணம்தான், எங்கும் போகாத பயணம். எங்களுடைய பயணத்தில் இடறல்தான் சரக்கு. அவருடைய பயணத்தில் இடறலுக்கே அனுமதி கிடையாது. அவரைச் சுற்றி நின்றவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. நகைப்பதற்கு இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்ற பொருளில் பெர்க்ஸன் எழுதியிருக்கிறார். அந்த மைதானத்தில் அது பொருந்தும். வேப்பமரத்தடியில் பொருந்தாது, அங்கே யாருடைய இதயமும் மரத்திருக்கவில்லை.

*

பெரியவர் செய்ததற்கு வருகிறேன். அவர் ஒரு விதியை மீறினார். முதலில் வந்தவன் நான். வந்த வரிசைப்படி வேலை என்பது சமத்துவத்தின் ஆரம்பப் பாடம். நான் வேலை பார்க்கிற இடத்தில் அதற்கு டோக்கன் இயந்திரமே இருக்கிறது. அதை மீற அவருக்கு என்ன அதிகாரம்? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையை மீறுவது நம் தேசத்தில் அன்றாடக் காரியம். கோயிலில் கட்டணம் கொடுத்தவனுக்குத் தனிப் பாதை. அலுவலகத்தில் சிபாரிசு கொண்டுவந்தவனுக்கு உள்ளே நாற்காலி. இந்த அநியாயத்துக்கு எதிராகத்தான் வரிசை என்ற கண்ணில்லாத நியாயத்தை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மீறல்கள் எல்லாம் ஒரு திசையில் போகின்றன. யாருக்குக் காத்திருப்பது எளிதோ அவர்களைக் காத்திருப்பிலிருந்து விடுவிக்கின்றன. யாருக்குக் காத்திருந்தால் கூலி போகுமோ அவர்கள் தலையில் அதை ஏற்றுகின்றன. பெரியவர் எதிர்த் திசையில் மீறினார். தாமதம் என்பது எப்படியும் ஒருவர் தலையில் விழுந்தாக வேண்டிய சுமை. அதை எவனுக்கு அது கனக்காதோ அவனிடம் கொடுத்தார். அதற்கு அவர் என்னைத் தண்டிக்கவுமில்லை, அவனுக்குத் தர்மம் செய்யவுமில்லை. நிழலில் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். என் பஞ்சர் வேடிக்கையாக இருந்தது என்பதே நான் காத்திருக்கத் தகுதியானவன் என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது இது. சிரிக்க முடிந்ததற்காகக் குற்ற உணர்ச்சி கொள்வது பயனற்றது. படித்த வர்க்கத்தின் இன்னொரு சொகுசு. இலேசாக இருப்பவனால் சுமக்க முடியும். எவனுடைய இடறலை உலகம் மன்னித்துவிடுகிறதோ அவன் மற்றவனுடைய தாமதத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

நான் இருக்கும் துறையில் தாமதத்துக்குக் கணக்கு உண்டு. கடன் தவணை 90 நாள் தாண்டி நின்றால்தான் அது வாராக் கடன் என்று வகைப்படுத்தப்படுகிறது. தவணை தவறியதற்குப் போடுகிற அபராத வட்டியைக்கூட 2024 முதல் அபராதக் கட்டணம் என்று மாற்றி, அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மூலதனத்தின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள இப்படி நாள் கணக்கில் விதிகள் எழுதியிருக்கிறோம். உடம்பின் தாமதம் இன்னும் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர், அக்டோபரில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கம் அந்த வருஷமே பதிவுக்கு விண்ணப்பித்திருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 ஜனவரியில்தான் பதிவானது. தொழிலாளி தாமதித்தால் நிமிடம். தொழிலாளி விஷயத்தில் தாமதித்தால் மாதங்கள். அந்தத் தாமதத்துக்கு எவருடைய வருகைப் படியும் போனதாகத் தெரியவில்லை.

பஞ்சர் கடைப் பெரியவரின் நியாயம் தொழிற்சாலைக் கதவை ஒரு அங்குலம்கூட அசைக்காது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். தனி மனிதத் தயவு விதிக்கு மாற்றாகாது; படியை எடுத்துவிடுகிற விதியை மாற்றச் சங்கம்தான் வேண்டும். ஆனால் எந்த விதி வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது. அது எங்கோ நடைமுறையில் இருந்தாக வேண்டும். அந்தச் சாலையில் அது ஒரு வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் நடைமுறையில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவரைப் பற்றி வைணவ மரபு சொல்கிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மந்திரார்த்தம் கேட்கத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடக்க வைக்கப்பட்டார். கடைசியில் கிடைத்ததை, கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கோபுரத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதினெட்டு நடையும் முக்கியமாகப் படுகிறது. காத்திருக்க வைக்கப்பட்டவன் பொதுவாகத் தன் முறை வந்ததும் அடுத்தவனைக் காத்திருக்க வைப்பான். நான் பட்டேன், நீயும் படு என்பது நம்முடைய எழுதப்படாத சட்டம். காத்திருப்பு என்கிற தண்டனை தன்னோடு நின்றுவிடட்டும் என்று ஒருவர் முடிவு செய்ததாக அந்தக் கதை சொல்கிறது. தனக்கு நரகம் கிடைத்தாலும் சரி என்று அவர் சொன்னதாகவும் சொல்கிறது. அவ்வளவு பெரிய விலை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம்தான் கேட்கிறார்கள், அதுவும் நிழலில்.